நம்மவரைத் திருத்துவது யார் கடமை?

ஒரு நாடு தன்னோடு தானே போர் தொடுப்பது எவ்வாறு? அயல்நாட்டுப் படை எல்லை கடந்து வந்தால் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் ஒரே கோவிலில் ஞானஸ்நானம் பெற்று, ஒரே சந்தையில் கொடுத்து வாங்கி, ஒரே சேமக்காலையில் தம் முன்னோரை அடக்கஞ் செய்த மக்கள் ஒருவரையொருவர் சுட்டு வீழ்த்தும் நிலைக்கு வருவதென்றால், அதற்கு முன்னரே அவர்களிடையே ஏதோ ஒன்று பழுதுபட்டிருக்க வேண்டும். அது எது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம். போரின் விலை என்னவென்று இந்நாட்டுத் தமிழ்க் குடும்பங்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆதலால் போரைப் பற்றியல்ல, போருக்கு முந்திய ஆண்டுகளைப் பற்றியே, அதுவும் தூரத்து நாடொன்றை முன்வைத்தே பேச விரும்புகின்றோம்.

அந்நாடு ஸ்பெயின். 1931 ஏப்ரல் 14ஆம் திகதி அங்கே குடியரசு பிரகடனஞ் செய்யப்பட்டது. 1936 யூலை 17ஆம் திகதி இராணுவக் கிளர்ச்சி வெடித்தது. இடையில் ஐந்து ஆண்டுகளும் மூன்று மாதங்களுமே.

கத்தோலிக்கராகிய நாம் ஸ்பெயினின் கதையைக் கேட்டபோதெல்லாம் ஒரு பக்கத்தையே பெரும்பாலும் கேட்டிருக்கின்றோம். அந்தப் போர்க்காலத்தில் குடியரசுப் பகுதியில் கொல்லப்பட்ட குருமார், துறவியர், கன்னியரின் தொகை 6,832 என 1961இல் வெளிவந்த ஆய்வொன்று கணக்கிட்டது. ஆயர்கள் மட்டும் பன்னிருவருக்கு மேல். இவ்வெண்கள் உண்மையானவை, அவற்றைக் குறைத்துப் பேச எவருக்கும் உரிமையில்லை. ஆனால் இவ்வெண்களோடு கதையைத் தொடங்குகின்றவர் அதன் இறுதி அத்தியாயத்திலிருந்து தொடங்குகின்றார். முதல் அத்தியாயங்களைப் படிக்கும்போதுதான் நமக்குச் சங்கடம் உண்டாகின்றது.

இரு பக்கத்தாரும் ஒருவரையொருவர் வெறுத்தார்கள், ஆதலால் போர் வந்தது என்று சொல்லிவிடலாம். அது போதாத விடை. வெறுப்பு எத்தனையோ நாடுகளில் உண்டு. எல்லா நாடுகளும் யுத்தத்தில் வீழ்வதில்லை. ஸ்பெயினில் நடந்ததை ஊன்றிப் பார்த்தால் வேறொன்று தெரியவரும். ஒவ்வோர் அணிக்குள்ளும் “இது நமக்குத் தகாது” என்று சொல்லத் துணிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களை வாய்மூடச் செய்தவர்கள் எதிரணியினர் அல்லர். அவரவர் சொந்த அணியினரே.

முதலில் அக்குடியரசு ஏன் அத்துணை நொய்மையாயிருந்தது என்று பார்ப்போம். தெற்கே கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்த பெருங்காணிகள் ஒருசிலர் கையில். அவற்றில் கூலிக்கு உழைத்தோருக்கு ஆண்டில் பல மாதம் வேலையில்லை. அதிகாரிகள் தொகையால் வீங்கிய இராணுவம். தனியுரிமை கோரிய கத்தலோனியரும் பாஸ்க் மக்களும். இவை யாவரும் அறிந்தவை. அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு. அதுதான் தேர்தல் சட்டம். மாகாணம் ஒவ்வொன்றும் ஒரு தொகுதி. அங்கே முதலிடம் பெற்ற அணிக்கு ஆசனங்களிற் பெரும்பங்கு. மீதி மட்டுமே மற்றவர்க்கு. பத்து ஆசனமுள்ள மாகாணத்தில் சிறிதளவு கூடிய வாக்குப் பெற்ற கூட்டணி ஏழோ எட்டோ ஆசனங்களைக் கொண்டுபோய்விடும். உறுதியான அரசாங்கம் அமைய வேண்டும் என்ற நல்லெண்ணத்துடன் செய்த ஏற்பாடுதான். ஆனால் விளைவு என்ன? மக்கள் மனம் சற்றே அசைந்தாலும் பாராளுமன்றம் தலைகீழாய்ப் புரண்டது. 1931இல் நூற்றுக்கு மேற்பட்ட ஆசனங்களைப் பெற்ற சோசலிஸ்ட் கட்சி, 1933 நவம்பரில் தனித்துப் போட்டியிட்டு ஏறத்தாழ அறுபது ஆசனங்களுடன் நின்றது. 1936 பெப்ரவரி தேர்தலில் இரு பெரும் அணிகளும் தலைக்குச் சுமார் 45 இலட்சம் வாக்குகள் பெற்றன. ஆசனங்களிலோ இடதுசாரி மக்கள் முன்னணிக்குத் தெளிவான பெரும்பான்மை. தம்மைப் போலவே மற்றொரு பாதி மக்கள் நாட்டில் உள்ளனர் என்பதை வென்றவர்களுக்கு மறக்கச் செய்யும் ஏற்பாடு அது. தோற்றவர்களுக்கோ, தாம் தோற்கவில்லை, ஏமாற்றப்பட்டோம் என்ற எண்ணத்தையே அது ஊட்டியது.

முதலில் வென்ற இடதுசாரிகளும் தாராளவாதிகளும் என்ன செய்தார்கள்? 1931 டிசெம்பரில் நிறைவேறிய அரசியலமைப்பின் 26ஆம் உறுப்புரை இயேசு சபையைக் கலைக்க வழிசெய்தது; துறவற சபைகள் பாடசாலை நடத்துவதைத் தடைசெய்தது; குருமாருக்கு அரசு வழங்கிவந்த கொடுப்பனவை இரண்டு ஆண்டுகளில் நிறுத்தியது. கொடுப்பனவை நிறுத்தியதை நாம் பெரிதாகக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் பெற்றோர் பலர் விரும்பிய பாடசாலைகளைச் சட்டத்தால் மூடுவது சீர்திருத்தமன்று. அது தோற்றவனின் முகத்தில் அடிப்பது. குடியரசை வரவேற்ற கத்தோலிக்கத் தலைவர்களான அல்கலா சமோறாவும் மிகுவெல் மவுறாவும் இவ்வுறுப்புரை காரணமாக அரசாங்கத்திலிருந்து விலகினர். தன் நண்பர் இருவரை இழந்தபோதாவது அவ்வணி சற்று நின்று யோசித்திருக்கலாம்.

நம்முடைய பக்கம் என்ன செய்தது? தொலேடோவின் பேராயர் கர்தினால் செகூறா, குடியரசு பிறந்து மூன்று வாரங் கழியுமுன்னரே, வெளியேறிய மன்னரைப் புகழ்ந்து மேய்ப்புப்பணித் திருமுகம் வரைந்தார். அதற்கு மாறாக, தரகோனாவின் கர்தினால் வீடால் இ பராக்கெர் புதிய ஆட்சியாளருடன் பொறுமையாகப் பேச்சுவார்த்தை நடத்தினார். மட்றிட்டின் கத்தோலிக்க நாளேடான ‘எல் தெபாத்தே’, அதன் ஆசிரியர் ஆங்கெல் ஹெறேறாவின் வழிகாட்டலில், சட்டபூர்வமாக அமைந்த ஆட்சிக்கு அமைந்து நடப்பது கத்தோலிக்கனின் கடன் என்று எழுதியது. பிரெஞ்சுக் கத்தோலிக்கருக்குப் பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் 1892இல் கூறிய புத்திமதியும் இதுவே. ஆட்சியின் வடிவம் முக்கியமன்று, அதன் சட்டங்கள் நீதியானவையா என்பதே முக்கியம் என்பது இப்போதனையின் சாரம்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். நல்ல போதனையும் கெட்டிக்காரன் கையில் இருபுறமும் வெட்டும் கத்தியாகும். கத்தோலிக்கரின் பெருங்கட்சிக்குத் தலைவரான கில் றொப்ளெஸ், ஆட்சி வடிவம் முக்கியமன்று என்று சொல்லிக் குடியரசில் பங்குகொண்டார். அதையே சொல்லிக் குடியரசுக்கு விசுவாசமாயிருப்போம் என்று வெளிப்படையாய் உறுதியளிக்காமலும் விட்டார். அவரது கூட்டங்களில் இளைஞர் “தலைவர்! தலைவர்!” என ஆர்ப்பரித்தனர். ஜெர்மனியில் ஹிட்லரும் ஒஸ்திரியாவில் டொல்பூஸும் பாராளுமன்றங்களை மூடிக்கொண்டிருந்த காலமது. எதிரே நின்ற தொழிலாளி இதைக் கண்டு அஞ்சியதில் வியப்பென்ன?

இனி, அதிகம் பேசப்படாத ஒரு மனிதரைச் சொல்லவேண்டும். மனுவெல் ஹிமெனெஸ் பெர்ணாண்டெஸ் என்பவர் செவில்லாப் பல்கலைக்கழகத்தில் திருச்சபைச் சட்டப் பேராசிரியர்; கில் றொப்ளெஸின் கட்சியைச் சேர்ந்தவர். 1934 ஒக்டோபரில் விவசாய அமைச்சரானார். தெற்கிலும் மேற்கிலும், சொந்தமாக ஒரு சோடிக் கோவேறு கழுதையும் கலப்பையும் இருந்தும் உழுவதற்குக் காணியில்லாத குடும்பங்கள் ஆயிரமாயிரம். அவர்கள் குத்தகைக்குப் பெற்றிருந்த நிலத்திலிருந்து உடனே வெளியேற்றப்படாதிருக்க அவர் சட்டஞ் செய்தார். குத்தகைக்காரன் நாளடைவில் அந்நிலத்தை வாங்கவும் வழிதேடினார். அவர் ஆதாரமாகக் காட்டியது கார்ள் மார்க்ஸை அல்ல. பாப்பரசர்களின் சமூகத் திருமுகங்களையே. அவரை எதிர்த்தவர் யார்? எதிர்க்கட்சியினர் அல்லர். அவருடன் ஒரே வரிசையில் அமர்ந்து, ஞாயிறு தவறாமல் பூசை கண்ட காணிக்காரப் பிரதிநிதிகளே. “வெள்ளைப் போல்ஷெவிக்” என்று அவருக்குப் பட்டஞ் சூட்டினர். திருமுகங்களைக் காட்டி எங்கள் காணியைப் பறிப்பதானால் நாங்கள் திருச்சபையை விட்டே பிரிவோம் என்ற கருத்துப்பட வலதுசாரிப் பிரதிநிதி ஒருவர் பேசியதாகவும் சொல்லப்படுகின்றது. கட்சித் தலைவர் அவரைக் காப்பாற்றவில்லை. 1935 மே மாத அமைச்சரவையில் அவருக்கு இடமிருக்கவில்லை. அவர் இடத்துக்கு வந்தவர் காணிக்காரரின் நண்பர். உழவர் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன.

அதன் பின் என்ன நடந்தது? 1936 மார்ச் 25ஆம் திகதி விடியற்காலையில் பதஹோஸ் மாகாணத்தில் ஏறத்தாழ 60,000 விவசாயிகள் தம் கலப்பைகளுடன் சென்று பெருங்காணிகளை உழத் தொடங்கினர். “புரட்சி வந்துவிட்டது” என்று காணிக்காரர் அலறினர். தம்மவர் ஒருவர் சட்டத்தின் வழியாய்க் கொடுக்க முனைந்ததைத் தடுத்தவர்கள் தாமே என்பதை அவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இடதுசாரிகள் பக்கமும் இதே கதைதான். தர்க்கவியல் பேராசிரியரான ஹூலியான் பெஸ்தெய்றோ சோசலிஸ்ட் தலைவர். குடியரசின் முதற் பாராளுமன்றத்தின் சபாநாயகர். தேர்தலில் தோற்றதற்காக ஆயுதம் ஏந்துவது பைத்தியக்காரத்தனம் என்று தம் தோழருக்கு எடுத்துரைத்தார். 1934 சனவரியில் தொழிற்சங்கத் தலைமைப் பதவியை விட்டு அவர் விலக நேர்ந்தது. லார்கோ கபயேறோவின் கை ஓங்கியது. அவ்வாண்டு ஒக்டோபர் 4ஆம் திகதி கில் றொப்ளெஸின் கட்சியினர் மூவர் அமைச்சரானதும் சோசலிஸ்டுகள் கிளர்ந்தெழுந்தனர். பாராளுமன்றத்தில் மிகப் பெரிய கட்சிக்கு மூன்று அமைச்சர் பதவி கிடைத்ததே கிளர்ச்சிக்குக் காரணமாயிற்று! அஸ்தூரியாஸ் சுரங்கத் தொழிலாளர் இரு வாரம் போராடினர். தூறோன் என்னுமிடத்தில் பாடசாலை நடத்திய லசால் சபைச் சகோதரர் எண்மரும் அவர்களோடிருந்த குரு ஒருவரும் சுடப்பட்டனர். 1999இல் திருச்சபை அவர்களைப் புனிதராக உயர்த்தியது. கிளர்ச்சியை அடக்க மொரோக்கோவிலிருந்து படை கொண்டுவரப்பட்டது. சரணடைந்தோரும் கொல்லப்பட்டனர், ஆயிரக்கணக்கானோர் சிறை சென்றனர், சித்திரவதைக்குள்ளாயினர். அந்தச் சித்திரவதைகளைக் கண்டித்த கத்தோலிக்கர் மிகச் சிலரே. தூறோன் சகோதரரின் கொலையைக் கண்டித்த சோசலிஸ்டுகளும் மிகச் சிலரே.

அறநூல் கூறுவதை இங்கே நோக்குவோம். புனித தோமாஸ் அக்குவினாஸ் கலகத்தைப் பற்றி எழுதுகையில், ஒரே மக்களின் ஒரு பகுதியினர் மற்றப் பகுதியினரோடு பொருத ஆயத்தமாவதே கலகம் என்றும், அது பொதுநலனுக்கு விரோதமானதால் பாரதூரமான பாவம் என்றும் கூறுகின்றார். இதில் “ஆயத்தமாவதே” என்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். துப்பாக்கி வெடிக்கும் வரை பாவம் காத்திருப்பதில்லை. கொடுங்கோலனே தன் குடிகளிடையே பிணக்கை வளர்ப்பதால் அவனே பெரிய கலகக்காரன் என்றும் அவர் சேர்த்துச் சொல்கின்றார்; ஆகவே ஆளுவோரும் இதில் தப்பமாட்டார்கள். அதே புனிதர் சகோதரத் திருத்தத்தை நீதியின் கடமையாக மட்டுமன்றி அன்பின் கடமையாகவே வைக்கின்றார். தவறு செய்பவனைத் திருத்துவது அவனுக்குச் செய்யும் தருமம். விசுவாசத்துக்கு ஆபத்து நேருமிடத்து, கீழுள்ளவன் மேலுள்ளவனையும் பகிரங்கமாகத் திருத்தலாம். புனித சின்னப்பர் புனித இராயப்பரை எதிர்த்து நின்றதை அவர் சான்றாகக் காட்டுகின்றார்.

“ஆபத்து வேளையில் நம்மவரைக் குறைகூறுவது எதிரிக்கு உதவுவதாகாதா?” என்று நீங்கள் கேட்கலாம். நேர்மையான கேள்வி. சில வேளை அது உண்மையுமாகும். வாய்ப்புப் பார்த்துத் தன் வீட்டை ஏசிப் புகழ் தேடுகின்றவர்களும் உண்டு. ஆனால் இக்கேள்வியின் உள்ளே ஒரு பொறி இருப்பதைக் கவனியுங்கள். ஆபத்து இல்லாத வேளை என்று ஒன்று அரசியலில் வருவதேயில்லை. எதிரணிக்காரன் என்னைத் திருத்தினால் நான் கேட்கப் போவதில்லை. அவன் சொல்வது மெய்யானாலும் பகையினாற் சொன்னான் என்று தள்ளிவிடுவேன். என் வார்த்தையைக் கேட்கக்கூடியவர்கள் என்னவர்கள் மட்டுமே. அப்படியானால், நான் பேசாதிருக்கும் இடத்தில் பேசுவதற்கு வேறொருவரும் இல்லை. இராச் சாப்பாட்டு வேளையில் தகப்பன் மற்றவர்களின் கொடுமையை மட்டும் எண்ணிச் சொல்லிக்கொண்டிருந்தால், கேட்டிருக்கும் பிள்ளை கற்றுக்கொள்வது நீதியையன்று, கணக்கை.

கணக்கு என்றோம், அதற்கும் ஸ்பெயினில் சான்று உண்டு. 1936 யூன் 16ஆம் திகதி கில் றொப்ளெஸ் பாராளுமன்றத்தில் எழுந்து, தேர்தலுக்குப் பின் நேர்ந்த கொலைகளையும் எரிந்த கோவில்களையும் பட்டியலிட்டு வாசித்தார். நாடு அமைதி குலைந்து கிடந்தது உண்மையே. ஆனால் அம்மாதங்களில் இறந்தோரைப் பற்றிப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள், அவர்களிற் பலர் பொலிசாராலும் வலதுசாரித் துப்பாக்கிக்காரராலும் சுடப்பட்ட தொழிலாளரும் இடதுசாரிகளும் என்று காட்டியுள்ளனர். அரசாங்கப் பக்கத்தாரும் தம் பங்குக்குத் தமக்கேற்ற சாவுகளையே எண்ணினர். இறந்தவர்களுக்காகச் செபிப்பதை விட்டு, அவர்களை வாதத்துக்குச் சாட்சியாக்கினர் இருபாலாரும்.

அவ்விளவேனிலில் ஒரு கதவு திறந்திருந்தது. மிதவாத சோசலிஸ்டான இந்தலேசியோ பிறியேத்தோ மே முதலாந் திகதி கூவெங்கா நகரிற் பேசுகையில், இந்தக் குழப்பம் சர்வாதிகாரத்துக்கே வழி திறக்கும் என்று தம் ஆதரவாளரையே எச்சரித்தார். அம்மாதம் சனாதிபதி அசாஞா அவரைப் பிரதமராகும்படி கேட்டார். அவர் ஏற்றிருந்தால் போர் தடைப்பட்டிருக்கும் என்று உறுதி சொல்ல முடியாது; ஆனால் உறுதியான கையொன்று ஆட்சியில் இருந்திருக்கும். அவருடைய சொந்தக் கட்சியின் பாராளுமன்றக் குழு இணங்கவில்லை. மாத முடிவில் எசிகா நகரில் அவர் பேசவந்தபோது அவர்மேல் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. சுட்டவர்கள் அவரது கட்சியின் இளைஞர்களே. பிறியேத்தோ 1942இல் மெக்சிக்கோவில் இருந்துகொண்டு, 1934ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் தாம் பங்குகொண்டது குற்றமென்று பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார்.

யூலை 12ஆம் திகதி இரவு வலதுசாரிகள் காஸ்தீயோ என்ற குடியரசுப் பொலிஸ் அதிகாரியைக் கொன்றனர். சில மணி நேரத்தில் அவரது தோழர் பதிலுக்கு எதிர்க்கட்சித் தலைவருள் ஒருவரான கல்வோ சொத்தேலோவை வீட்டிலிருந்து அழைத்துச் சென்று கொன்றனர். ஐந்து நாளில் இராணுவம் எழுந்தது. இங்கே தெளிவாக ஒன்று சொல்ல வேண்டும், இல்லையேல் எல்லோரும் குற்றவாளிகள், ஆகவே எவரும் குற்றவாளியல்லர் என்றாகிவிடும். தளபதி மோலாவும் அவரோடு சேர்ந்தவர்களும் அக்கொலைக்குப் பல வாரங்கள் முன்னரே கிளர்ச்சிக்குத் திட்டமிட்டிருந்தனர். பிரிவினைகள் பாதையைச் செப்பனிட்டன. அதில் நடந்தவர்கள் தாமே தீர்மானித்து நடந்தார்கள். யூலை 18ஆம் திகதி நள்ளிரவுக்குப் பின், சமரச அரசாங்கம் ஒன்றை அமைக்க முயன்ற மார்த்தினெஸ் பறியோ மோலாவைத் தொலைபேசியில் அழைத்தார். காலங் கடந்துவிட்டது என்பதே மோலாவின் மறுமொழி. மறுபுறம், அந்த அரசாங்கத்தைக் காட்டிக்கொடுப்பு என்று கூவி மட்றிட்டின் வீதிகளில் திரண்டவர்கள் குடியரசின் ஆதரவாளர். விடிவதற்குள் அது கலைந்தது. கில் றொப்ளெஸ் 1968இல் வெளியிட்ட தம் நினைவு நூலுக்குச் சமாதானம் சாத்தியமாகவில்லை என்ற பொருள்படப் பெயரிட்டார். ஹிமெனெஸ் பெர்ணாண்டெஸை அவர் கைவிடாதிருந்தால் அப்பெயரை வைக்க நேர்ந்திருக்குமா என்பதே நம் ஐயம்.

போரின் மூன்றாண்டுகளை நாம் விவரிக்கப் போவதில்லை. மாண்டோர் ஐந்து இலட்சமளவில் என்பது பொதுவான மதிப்பீடு. குடியரசுப் பகுதியில் போர்முனைக்குப் புறம்பே கொல்லப்பட்டோர் சுமார் 50,000. பிராங்கோவின் பகுதியில் அதனினும் இருமடங்குக்குக் குறையாது. 1936 ஒக்டோபரில் பிராங்கோவின் படையினர் பாஸ்க் குருமார் பத்துக்கு மேற்பட்டோரையும் சுட்டுக் கொன்றனர். இதை நமக்குப் படிப்பித்த நூல்கள் சொல்லாமல் விட்டன.

1937 யூலையில் ஸ்பெயினின் ஆயர்கள் பிராங்கோவின் பக்கத்தை ஆதரித்துக் கூட்டுத் திருமுகம் வெளியிட்டபோது, கர்தினால் வீடால் இ பராக்கெர் கையொப்பமிடவில்லை. அவரது துணை ஆயரைக் குடியரசுப் பகுதியினர் கொன்றிருந்தார்கள்; அவரே மயிரிழையில் உயிர் தப்பியவர். பழிவாங்க அவருக்குக் காரணமில்லாமலா? இருந்தும், மறுபுறத்தில் இன்னும் ஒளிந்து வாழ்ந்த குருமாருக்கு அத்திருமுகம் கேடு விளைக்கும் என அஞ்சினார். பிராங்கோ அவரை மறைமாவட்டத்துக்குத் திரும்ப விடவில்லை. 1943இல் சுவிற்சர்லாந்தில் இறந்தார். அவரது உடல் தரகோனாவுக்குத் திரும்பியது 1978இல். அதற்கு ஏழு ஆண்டுகளுக்கு முன், 1971 செப்டெம்பரில், ஆயரும் குருமாரும் கூடிய பேரவையொன்றில், பிளவுண்ட மக்களிடையே நாம் சமாதானத்தின் ஊழியராயிருக்கத் தவறினோம், அதற்காக மன்னிப்புக் கேட்கின்றோம் என்ற பிரேரணை வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரித்தவரே அதிகம், ஆனால் விதிப்படி வேண்டிய மூன்றிலிரண்டு பங்கு கிடைக்கவில்லை.

பெஸ்தெய்றோவுக்கு நேர்ந்ததைச் சொல்லி முடிக்கின்றோம். 1939இல் குடியரசுத் தலைவர்கள் பலரும் நாட்டைவிட்டு வெளியேறியபோது அவர் மட்றிட் மக்களோடு தங்கினார். வென்றவர்கள் அவருக்கு முப்பதாண்டுச் சிறைத்தண்டனை விதித்துத் தெற்கே கார்மோனா நகரச் சிறைக்கு அனுப்பினர். எழுபது வயதை அணுகிய நோயாளியான அவருடன் அச்சிறையில் அடைபட்டிருந்தவர்களிற் பலர் பாஸ்க் குருமார். 1940 செப்டெம்பரில் அவர் அங்கேயே காலமானார்.